குக்கருக்கு கேஸ்கட் மாற்றுகிறோம்... போனுக்கு?

"நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?"

வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னவர் வாயிலிருந்து வரும் வாசகம் இது. மிக்ஸி ஜாரின் பிளேடாகட்டும், குளியலறைக் குழாயாகட்டும், அவர் போட்டுக்கொள்கிற பனியனாகட்டும், எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். நானும் பழகிவிட்டேன். ஆனால் சென்ற சித்திரையில் ஓர் இரவு, 'நல்லாத்தான் இருக்கு' என்று நம்பிய ஒரு பொருள் என் காலை வாரிவிட்டது. அதை நம் சகோதரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு திருச்சி உறையூரில். அன்று அவர் வேலை விஷயமாகச் சேலம் போயிருந்தார். மகன் கோவையில் பாலிடெக்னிக் விடுதியில். வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். அத்தைக்கு வயது 74. பல வருடமாகச் சர்க்கரை. இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி. அன்று ராத்திரி, "வெயிலுக்குப் பசியே எடுக்கலம்மா" என்று ஒரே ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார்கள். ஊசி மட்டும் வழக்கமான அளவே போட்டாயிற்று. அது தப்பு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரவு ஒன்றரை மணி இருக்கும். ஏதோ முனகல் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தால், அத்தையின் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, செத்துப்போன அவர்களுடைய அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது.

ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். பேட்டரி 31 சதவீதம் என்று காட்டியது. இப்போதும் அந்த எண் கண்ணிலேயே நிற்கிறது. 108 போட்டேன். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். நான் "ஹலோ" என்று சொல்லி வாயை மூடவில்லை, போன் இருட்டாகிவிட்டது! சார்ஜரில் சொருகினால் காலி பேட்டரி படம் மட்டும் வருகிறது. போன் உயிர் பெறவில்லை. லேண்ட்லைனை நாங்கள் திருப்பிக் கொடுத்து ஏழெட்டு வருடம் ஆகிறது.

நல்லவேளையாக மூளை கொஞ்சம் வேலை செய்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, அத்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். அவர்களுக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. அதனால் கொடுத்தேன். நினைவு தப்பியவர்கள் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கவிதா தன் போனைக் கொடுத்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. விடிவதற்குள் அத்தை தெளிந்துவிட்டார்கள்.

"சாப்பாடு குறைஞ்சா ஊசி அளவைப் பத்தி எங்ககிட்ட கேக்கணும்மா. சர்க்கரைத் தண்ணி கொடுத்தீங்க, பொழைச்சாங்க" என்றார் டாக்டர். எனக்கோ மனசு ஆறவில்லை. 31 சதவீதம் இருந்த போன் ஏன் அணைந்தது?

போன் சொல்லிக்கொண்டுதான் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அம்மா, இது எத்தனை வருஷத்து போன்?" என்றான். மூன்றரை வருடம். "அப்போ பேட்டரிக்கு வயசாயிடுச்சு. அது உனக்கு முன்னாடியே சொல்லியிருக்குமே?" என்றான்.

யோசித்துப் பார்த்தால்... ஆமாம், சொல்லிக்கொண்டுதான் இருந்தது! முன்பெல்லாம் காலையில் கழற்றினால் ராத்திரி வரை வரும் போன், சில மாதமாக மத்தியானச் சாப்பாட்டுக்கே சார்ஜ் கேட்டது. 40 இருக்கும், ஒரு வீடியோ கால் பேசினால் சடாரென்று 22க்கு இறங்கும். அணைத்துப் போட்டால் மறுபடி 35 என்று ஏறியிருக்கும்! சும்மா மேஜைமேல் கிடக்கும்போதே வெதுவெதுவென்று இருக்கும். நானும், 'பழசாயிட்டா அப்படித்தான்' என்று கூடவே சார்ஜரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

இதே நான், குக்கர் ஓரத்தில் ஆவி கசிந்தால் அன்றைக்கே கேஸ்கட் மாற்றுகிறேன். கேஸ் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். அதற்காகக் குக்கரையும் அடுப்பையும் தூக்கியா போடுகிறோம்? போன் பேட்டரியும் அந்தக் கேஸ்கட் மாதிரிதானாம். தேய்ந்துபோவதற்கென்றே உள்ள பாகம். இது எனக்கு 46 வயதில்தான் தெரிந்தது!

உள்ளே என்னதான் நடக்கிறது?

போனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97!

மகன் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னான். "நம்ம வெந்நீர்க் குண்டான்ல உப்புப் படியுதில்லம்மா? அது மாதிரி." சார்ஜ் ஏறும்போது லித்தியம் துகள்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகின்றன, நாம் பேசும்போது திரும்பி வருகின்றன. போய் வரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லித்தியம் ஓரத்தில் படலமாக ஒட்டிக்கொண்டு வீணாகிறது. படலம் தடிக்கத் தடிக்க இரண்டு கெடுதல். ஒன்று, பேட்டரி கொள்ளும் அளவு குறைகிறது. இரண்டாவது, மின்சாரம் வெளியே வரும் வழி குறுகுகிறது.

அந்த இரண்டாவது சங்கதிதான் என்னைக் கவிழ்த்தது. தீரப்போகிற கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். ஒரு அடுப்பைச் சிம்மில் வைத்தால் எரியும். இரண்டையும் பெரிசாகத் திருப்பினால் தீ சோர்ந்துவிடும். அதுபோல, சும்மா இருக்கும்வரை கிழட்டு பேட்டரி 31 என்று காட்டும். கால் பேசும்போதோ, கேமராவைத் திறக்கும்போதோ போன் திடீரென்று நிறைய மின்சாரம் இழுக்கும். பேட்டரியால் கொடுக்க முடியாது. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டென்று அணைந்துவிடும்.

இப்படி அணையாமலிருக்க, பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்து வைத்ததாக ஆப்பிள் கம்பெனியே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 'போன் மந்தமாயிடுச்சு, புதுசு வாங்கணும்' என்று நினைக்கிறோமே, சில சமயம் குற்றவாளி பேட்டரியாகவும் இருக்கலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

அவசரப்பட்டுக் கடைக்கு ஓட வேண்டாம். சார்ஜ் நிற்கவில்லை என்றால் எல்லா நேரமும் பேட்டரிதான் காரணம் என்று இல்லை. என் மகன் எனக்குச் செய்து காட்டிய வரிசை இதுதான்:

1. வேறு வீட்டுச் சார்ஜரையும் ஒயரையும் போட்டுப் பாருங்கள். போனை அணைத்துவிட்டு, சார்ஜ் துவாரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். புடவை நூலும் தூசியும் பஞ்சு மாதிரி அடைந்திருக்கும். மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, ஹேர்பின் வேண்டவே வேண்டாம்.

2. போனின் செட்டிங்ஸில் பேட்டரி என்ற இடத்துக்குப் போனால், எந்த ஆப் எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியும். நாள் முழுக்கக் குழந்தைக்குப் பாட்டு ஓடினால் பேட்டரி என்ன செய்யும், பாவம்! சிக்னல் சரியாகக் கிடைக்காத வீடுகளிலும் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

3. ஓர் இரவு படுக்கப் போகுமுன் ஃபிளைட் மோடில் போட்டு எத்தனை சதவீதம் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். (யாராவது அவசரமாகக் கூப்பிட வேண்டிய நாளில் இதைச் செய்யாதீர்கள்.) காலையில் இரண்டு, மூன்று குறைந்திருந்தால் இயல்பு. பதினைந்து, இருபது என்று குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

4. ஐபோனில், செட்டிங்ஸில் பேட்டரிக்குப் போனால் 'பேட்டரி ஹெல்த்' என்று இருக்கும். சாம்சங் போனில் 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப்பில் சோதிக்கும் வசதி உண்டு. மற்ற போன்களில் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள்; இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் பார்த்துச் சொல்வார்கள்.

இந்த 'ஹெல்த்' 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சார்ஜுக்குப் பிறகும், 15-லிருந்து வந்தவை 1,000 முழுச் சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்கும்படி செய்யப்பட்டவை என்கிறது ஆப்பிள். 'முழுச் சார்ஜ்' என்றால் ஒயரைச் சொருகிய கணக்கு இல்லை. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒன்று. தினம் ஒன்று என்று வைத்தால், 500 என்பது ஒன்றரை வருடம்கூட இல்லை!

எண் எதுவும் காட்டாத போனாக இருந்தாலும், 20, 30 சதவீதம் இருக்கும்போதே இரண்டு தடவை தானாக அணைந்துவிட்டால் மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காதீர்கள். மூன்றாவது தடவை எந்த இரவில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

பூரி மாதிரி உப்பிவிட்டால்...

இதையெல்லாம் சொல்லிவிட்டு மகன் கடைசியாக ஒன்று சொன்னான். "சில பேட்டரி உள்ள கேஸ் சேர்ந்து உப்பிடும்மா. பின்பக்கக் கவர் தூக்கிக்கும், இல்லன்னா டிஸ்பிளே ஓரத்துல இடைவெளி விடும். அது மட்டும் ஒரு நாள்கூட வெச்சிருக்கக் கூடாது."

எனக்குத் திடுக்கென்றது. அன்று ராத்திரி கவிதா கொடுத்த போன்! கையில் வாங்கும்போதே முதுகு வளைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்ததே! அப்போது எனக்கிருந்த பதற்றத்தில் கவனிக்கவில்லை.

எதிர் வீட்டுக்கு ஓடினேன். கவிதாவின் எட்டு மாதக் குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டில், தலையணைக்கு அடியில் அந்த போன், சார்ஜில்! தாலாட்டுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"கவர் சரியா உக்கார மாட்டேங்குதுக்கா, அதான் ரப்பர் பேண்ட் போட்டேன்" என்றாள் அந்தப் பெண், வெள்ளந்தியாக.

மகன் ஸ்விட்சை அணைத்து, ஒயரை உருவி, போனை அணைத்தான். ரப்பர் பேண்டைக் கழற்றியதும் கவர் நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! எண்ணெயில் போட்ட பூரிதான். மேஜையில் வைத்துச் சுண்டினால் பம்பரமாகச் சுற்றியது.

உப்பிய பேட்டரியில் தீப்பிடிக்கக்கூடிய திரவமும் வாயுவும் இருக்கின்றன. குத்துப்பட்டாலோ, சூடேறினாலோ பற்றிக்கொள்ளலாம். பேட்டரிக் கோளாறால் தீப்பிடித்ததால்தான் 2016-ல் சாம்சங் தன் 'நோட் 7' போனை உலகம் முழுவதும் திரும்பப் பெற்று, தயாரிப்பையே நிறுத்தியது. அது புது போன்; அதற்கே அந்தக் கதி. ஆகவே, சகோதரிகளே:

உப்பிய போனைச் சார்ஜ் போடாதீர்கள். அணைத்து வையுங்கள். அழுத்தி மூடாதீர்கள், குத்தி வாயுவை எடுக்காதீர்கள். ஃபிரிட்ஜிலோ அரிசிப் பானையிலோ வைக்காதீர்கள். துணி, பாய், திரைச்சீலை இல்லாத இடத்தில், வெறும் தரையில், குழந்தைக்கு எட்டாமல் வைத்து, சீக்கிரமாகச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். குப்பை வண்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். புகையோ, உஸ்ஸென்ற சத்தமோ, இனிப்பு கலந்த நெடியோ வந்தால் போனை மறந்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

புதுசு வாங்கலாமா, பேட்டரி மாற்றலாமா?

"அப்போ புது போனே வாங்கிடலாமா?" என்று அவரே கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அம்மாவுக்கு நடந்தது அவரையும் அசைத்துவிட்டது. நான்தான் வேண்டாம் என்றேன். புதுசுக்குப் பதினைந்தாயிரம் ஆகும். எனக்குப் பேட்டரி மாற்ற ஆன செலவு ரூ. 1,650.

நான் பார்த்த கணக்கு இதுதான். போனில் மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதா? கம்பெனியிலிருந்து பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். டிஸ்பிளே உடைந்து, அப்டேட்டும் நின்றுபோன போனுக்குச் செலவழிப்பது கிழிந்த புடவைக்கு ஜரிகை வைப்பது போல. முக்கியமாக, அந்த போனில் பணம் அனுப்புகிறீர்கள் என்றால் அப்டேட் நின்றதை அலட்சியம் செய்யாதீர்கள்.

கடைக்குப் போகும் முன் போட்டோக்களையும் நம்பர்களையும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். சிம்மைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் பின் நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பேட்டரி மாற்ற அது தேவையே இல்லை. கூடியவரை கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கே போங்கள். வெளிக் கடை என்றால், 'ஐ.எஸ். 16046' என்ற எண்ணோடு பி.ஐ.எஸ். முத்திரை பேட்டரியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். பில்லும் வாரண்டியும் எழுதி வாங்குங்கள். பழைய பேட்டரியை அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு.

வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே கழற்றும் வேலை மட்டும் வேண்டாம். இப்போதைய போன்களில் பேட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. நெம்பும்போது கத்தி பட்டால் ஆபத்து. இன்னொன்று, தண்ணீர் புகாத போனாக இருந்தாலும், ஒரு தடவை திறந்தபின் அந்தப் பாதுகாப்பு பழையபடி இருக்கும் என்று நம்பாதீர்கள்.

புது பேட்டரி நீடிக்க...

பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. அடுப்பு மேடை, வெயில் படும் ஜன்னல், நிறுத்திய காருக்குள், இங்கெல்லாம் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் இதுவே பாதிப் பாதுகாப்பு. தலையணை, மெத்தை மேல் சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது சூடானால் உறையைக் கழற்றிவிடுங்கள்.

'முழுக்க இறக்கித்தான் சார்ஜ் ஏற்றணும்' என்று பலர் சொல்வார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து யோசனை. லித்தியத்துக்கு அது கெடுதல். 20க்குக் கீழே இறங்க விடாமல், 80 வாக்கில் கழற்றுவது நல்லது. பல போன்களில் 80-ல் நிற்கும்படி செட்டிங்கே இருக்கிறது. ஆனால் வெளியூர் போகும்போதும், வீட்டில் நோயாளி இருக்கும் இரவிலும் முழுக்கவே ஏற்றி வையுங்கள். பேட்டரிக்காக நாம் இல்லை, நமக்காகத்தான் பேட்டரி!

கவிதா மறுநாளே பேட்டரி மாற்றிவிட்டாள். தாலாட்டுப் பாட்டு இப்போது அவள் வாயாலேயே பாடுகிறாள். சுமாராகத்தான் பாடுகிறாள், குழந்தை தூங்கிவிடுகிறது. என் போனும் இப்போது காலையிலிருந்து ராத்திரி வரை வருகிறது. போதாதென்று 108, டாக்டர், மகன், கவிதா, நான்கு நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே, பேட்டரி மாற்றிய தேதி. கேஸ் டியூப் மாற்றிய தேதிக்குக் கீழே.

பேட்டரி மாற்றிக்கொண்டு வந்த அன்று, அத்தை போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு இது புதுசாயிடுச்சா? அந்தக் கடையிலேயே எனக்கும் ஒண்ணு மாத்திக் கூட்டிட்டு வாயேன்!"

"உங்களுதுக்கு ஸ்பேர் கிடைக்காது அத்தே. இருக்கிறதைப் பத்திரமா வெச்சுக்கணும். முதல்ல வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றேன்.

அன்றைக்கு மூன்று இட்லி சாப்பிட்டார்கள்.